லாரன்ஸ் ஹோப்: இறுதி ஆண்டுகள் (1901–1904)

லாரன்ஸ் ஹோப் என்ற ஆண் பெயரில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் அடெலா ஃபுளோரன்ஸ் நிக்கல்சன் (1865–1904). வயலட் என்றும் அழைக்கப்பட்டார். தந்தை கர்னல் ஆர்தர் கோரி லாகூரில் ‘சிவில் அண்ட் மிலிட்டரி கெஜட்’ இதழின் ஆசிரியர். தங்கை ஆனி சோஃபி, விக்டோரியா கிராஸ் என்ற புனைபெயரில் நாவல்கள் எழுதியவர். 1881இல் இந்தியா வந்த அடெலா, 1889இல் பலூச் படைப்பிரிவின் தளபதி மால்கம் ஹாசல்ஸ் நிக்கல்சனை மணந்தார். கணவர் ஏறக்குறைய இரு மடங்கு வயது மூத்தவர்.

இறுதிக் காலத்தின் கதை 1901இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு லண்டனில் ஹைனமன் பதிப்பகம் ‘தி கார்டன் ஆஃப் காமா’ தொகுப்பை வெளியிட்டது. இந்தியக் காதல் பாடல்களை லாரன்ஸ் ஹோப் ஆங்கிலச் செய்யுளில் அமைத்தார் என்றது அதன் முகப்பு. உண்மையில் அவை அவருடைய சொந்தக் கவிதைகள். பெண்ணின் வேட்கையை ஒளிவுமறைவின்றிப் பேசும் வரிகளை அன்றைய இங்கிலாந்தில் ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி தன் பெயரில் வெளியிட்டிருந்தால் ஊர் வாய் சும்மா இருந்திருக்காது. ஆண் பெயர் ஒரு திரை, மொழிபெயர்ப்பு என்ற பாவனை இன்னொரு திரை. 1902இல் ஏமி வுட்ஃபோர்ட்-ஃபிண்டன் இசையமைத்த நான்கு பாடல்கள், குறிப்பாகக் காஷ்மீரின் ஷாலிமாரைப் பாடும் பாடல், இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் பியானோவோடு பல பத்தாண்டுகள் ஒலித்தன. இரண்டாம் தொகுப்பு ‘ஸ்டார்ஸ் ஆஃப் த டெசர்ட்’ 1903இல் வந்தது.

1900இல் பிறந்த ஒரே மகனை இங்கிலாந்தில் உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு, தம்பதியர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தனர். இம்முறை தங்கியது கோழிக்கோட்டுக்கு அருகே, சாலியாற்றங்கரையில் உள்ள பெரோக்கில். திப்பு சுல்தான் மலபாரின் தலைநகராக்க நினைத்த ஊர் அது.   அன்றைய மலபார் மாவட்டம் முழுவதும் மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. கோழிக்கோட்டிலிருந்து மதராஸுக்கு ரயில் பாதை பெரோக், சொரனூர் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே சென்றது.

மதராஸில் நிக்கல்சனுக்குப் புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதிலேயே 1904 ஆகஸ்ட் 7 அன்று இறந்தார். மனச்சோர்வு அடெலாவை இளமையிலிருந்தே வாட்டி வந்த நோய். கணவரை இழந்து இரண்டு மாதம்கூட நிறையாத நிலையில், அக்டோபர் 4 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னையின் செயின்ட் மேரி கல்லறைத் தோட்டத்தில், கணவருடன் அடக்கம் செய்யப்பட்டார்.

பின்னாளில் இந்த மரணத்தைச் சிலர் உடன்கட்டை ஏறும் ‘சதி’ வழக்கத்தோடு ஒப்பிட்டுக் காவியமாக்கினர். அது தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட. நோயோடும் துயரத்தோடும் தனித்து நின்ற ஒரு பெண்ணின் முடிவைக் கீழைநாட்டுச் சடங்காகக் காட்டியதால் அந்த நோயும் மறைந்தது, கவிதையும் பின்னுக்குப் போனது. அவரைக் கவிஞராகவே மதித்தவர்களும் உண்டு. 1904 அக்டோபர் 29ஆம் தேதி ‘அதெனியம்’ இதழில் அஞ்சலிக் குறிப்பு எழுதியவர் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி. 1907இல் ஜேம்ஸ் எல்ராய் ஃபிளெக்கர் அடெலாவைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

கடைசித் தொகுப்பு ‘இண்டியன் லவ்’ 1905இல் வெளியானது. கணவருக்கான காணிக்கைக் கவிதையை அதில் வைத்திருந்தார். அமெரிக்கப் பதிப்பின் பெயர் ‘லாஸ்ட் போயம்ஸ்’. அதன் துணைத்தலைப்பும் அவற்றை மொழிபெயர்ப்புகள் என்றே சொன்னது. கவிஞர் இறந்த பிறகும் அந்தத் திரை விலகவில்லை. 1922இல் அவருடைய தேர்ந்தெடுத்த கவிதைகளை மகன் வெளியிட்டார்.