மூன்றாம் துளையின் வரலாறு

சென்ற ஆண்டு நான் கற்பிக்கும் பாடசாலையில் இலக்கிய விழாவொன்று நடைபெற்றது. ஒலிபெருக்கிக்கு மின்னிணைப்புக் கொடுக்கவேண்டியிருந்தது. கருவியின் செருகிக்கு இரண்டு முனைகள். சுவரிலிருந்த குதைக்கோ மூன்று துளைகள். பத்தாம் வகுப்பு மாணவனொருவன் சற்றும் தயங்காமல் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து, அதன் மூடியை மேற்றுளைக்குள் நுழைத்து அழுத்தினான். கீழ்த்துளைகள் இரண்டும் திறந்துகொண்டன. செருகி உள்ளே சென்றது, விழாவும் தொடங்கிற்று. "இதை உனக்கு யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். "எங்கட வீட்டில எல்லாரும் இப்படித்தான், சேர்" என்றான்.

அவன் வீட்டில் மட்டுமா? பொத்துவில் தொடக்கம் கல்முனை வரையுள்ள எந்த ஊரிலும் இக்காட்சி புதிதன்று. சில வீடுகளில் பேனைமூடி. சில வீடுகளில் தீக்குச்சி. ஆனால் அம்மாணவன் திறந்தது வெறுந் துளையையன்று. குழந்தையின் உயிரைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்ட ஒரு கதவை. அக்கதவு எவ்வாறு தோன்றியது, நம் வீடுகளில் அது ஏன் பேனைமூடியால் திறக்கப்படுகிறது என்பவற்றை அறிய வேண்டுமானால், வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

தரநிர்ணயம் என்பது மக்களின் உயிரைக் காக்கும் நோக்குடன் பிறந்ததன்று. 1901ஆம் ஆண்டில் லண்டனில் பொறியியலாளர் குழுவொன்று கூடி, பிரித்தானியாவில் வழங்கிய எழுபத்தைந்து வகை டிராம் தண்டவாளங்களை ஐந்து வகையாகக் குறைத்தது. உற்பத்திச் செலவைக் குறைப்பதே அவர்கள் நாடிய பயன். இன்றைய பிரித்தானியத் தர நிறுவனம் அக்குழுவிலிருந்து வளர்ந்ததே. மின்பொருட் பரிசோதனையின் தொடக்கமும் ஏறத்தாழ இத்தகையதே. 1893ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் மின்விளக்குகள் ஆயிரக்கணக்கில் ஒளிர்ந்தன. தீப்பற்றினால் இழப்பீடு கொடுக்கவேண்டியவர்கள் காப்புறுதிக் கம்பனியார். எனவே அவர்கள் வில்லியம் மெரில் என்னும் இளம் பொறியியலாளரை அங்கு அனுப்பினர். அவர் 1894இல் நிறுவிய பரிசோதனைச்சாலையே பின்னர் உலகப் புகழ் பெற்றது. தண்டவாளத்திற்கு ஒரு தரம். கட்டடத்திற்கு ஒரு பரிசோதனை. சொத்து முதலில் காக்கப்பட்டது. சொத்தில்லாத மனிதன் தன் முறைக்காகக் காத்திருக்கவேண்டியதாயிற்று.

அம்முறை வந்தது இரண்டாம் உலகப் போரின் நடுவிலே. குண்டுவீச்சினால் இடிந்த வீடுகளை மீண்டும் கட்டும்போது மின்னிணைப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்று ஆராயப் பிரித்தானியாவில் ஒரு குழு அமைந்தது. அதில் அங்கம் வகித்த ஒரேயொரு பெண் கரோலின் ஹஸ்லெட் அம்மையார். 1924இல் தோன்றிய மின்சார மகளிர் சங்கத்தை நடத்தி, அடுக்களையில் உழலும் பெண்களின் சுமையை மின்சாரத்தால் குறைக்கலாம் என்று ஊர் ஊராகப் பேசியவர் அவர். குழுவின் அறிக்கை 1944இல் வெளிவந்தது. செப்புத் தட்டுப்பாடு கருதிச் சிக்கனமான கம்பியமைப்பை அது விதந்துரைத்தது; அதனோடு, தவழும் குழந்தையின் விரலோ அது கையிலெடுக்கும் ஊசியோ குதைக்குள் சென்று மின்னைத் தீண்டலாகாது என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்தது.

அதன் பயனாக 1947இல் வெளிவந்ததே பி. எஸ். 1363 என்னும் தரம். நாம் இன்று காணும் சதுர முனைச் செருகியும் குதையும் அதன்படி அமைந்தவை. செருகியின் மூன்று முனைகளுள் புவிக்கம்பிக்குரியது மற்றிரண்டினும் நீளமானது. அதுவே முதலில் உட்சென்று, உயிர்க்கம்பியினதும் நொதுமற்கம்பியினதும் துளைகளை மூடிநிற்கும் கதவை அகற்றும். அதாவது, கருவி முதலில் புவியோடு இணைந்து காப்புப் பெறும். அதன் பின்னரே மின்னோட்டம் அதனை அடையும். செருகிக்குள்ளேயே ஓர் உருகியும் உண்டு. மின்னோட்டம் அளவு மிஞ்சினால் அது தன்னை உருக்கி வீட்டைக் காக்கும்.

பேனைமூடியைச் செருகும்போது இவ்வளவும் பயனற்றுப் போகின்றன. உள்ளே காவல் இரட்டிப்பாக அமைந்த சிறு கருவிகளுக்குப் புவிக்கம்பி தேவையில்லை என்பது உண்மையே. ஆயினும் மெல்லிய உருளைமுனை, அகன்ற சதுரத் துளைக்குள் தளர்ந்தே நிற்கும். தொடுகை தளர்ந்த இடத்தில் வெப்பம் பிறக்கும். வெப்பம் முற்றினால் தீயாகும். செருகியில் உருகியும் இல்லை.

பரிசோதனைச்சாலைகளில் ஒரு விசித்திரமான கருவி உண்டு. மனித விரலைப் போல் மூட்டுகளோடு செய்யப்பட்ட உலோக விரல் அது. 12 மில்லிமீற்றர் விட்டமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உடையது. மின்விசிறியாயினும் மின்னழுத்தியாயினும் அதன் துவாரங்களுள் இவ்விரலை நுழைத்துப் பார்ப்பர். மின்னுள்ள பாகத்தை அது தீண்டுமாயின் பொருள் தேறாது. செந்நிறமாகச் சுடரும் கம்பியைப் பிளாத்திக்கில் அழுத்தி, அது பற்றி எரிகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. சாலையில் உலோக விரல் தீண்டிப் பார்க்காத பொருளை வீட்டில் ஒரு குழந்தையின் விரல் தீண்டிப் பார்க்கும். பரிசோதனை எப்படியும் நடந்தே தீரும். அது எங்கே, யார் உடலின் மீது நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சதுர முனைத் தரம் வெளிவந்த மறு ஆண்டு, 1948இல், இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆள்வோர் தம் நாட்டில் கைவிடத் தொடங்கிய உருளை முனைச் செருகிகள் இங்கே பல பதிற்றாண்டுகள் நிலைத்தன. தரம் வகுக்கும் உரிமையை நாம் 1964ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தினால் பெற்றோம். அச்சட்டத்தின்கீழ்த் தோன்றிய பணியகமே 1984இல் இலங்கைத் தர நிர்ணய நிறுவனமாயிற்று. எஸ். எல். எஸ். என்னும் முத்திரை அதனுடையது.

ஆனால் இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் 1977 வந்தது. பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, பல தேசத்துப் பொருள்கள் பல வகைச் செருகிகளோடு வந்து குவிந்தன. வணிகனுக்குக் கதவு அகலத் திறந்தது. நம் சுவரிலிருந்த குதையோ பழையபடியே இருந்தது. இரண்டையும் பொருத்தும் வேலை வீட்டுப் பெண்ணின் கையிலிருந்த தீக்குச்சிக்கு விடப்பட்டது. 2016இல்தான் 13 அம்பியர் சதுர முனைச் செருகியும் குதையுமே நாட்டுக்குரிய ஒரே தரம் என்ற விதி வர்த்தமானியில் வெளிவந்தது. சுதந்திரத்திற்கும் அவ்விதிக்கும் இடையே அறுபத்தெட்டு ஆண்டுகள்!

விதி வந்துவிட்டதால் வேலை முடிந்ததா? முத்திரையுள்ள குதையும் முத்திரையற்ற குதையும் ஒரே கடையில் அருகருகே தொங்கினால், நாட்கூலி பெறும் மீனவன் எதை வாங்குவான்? விலை குறைந்ததையே வாங்குவான். அதனை அறியாமை என்று நாம் ஏளனஞ் செய்தல் தகாது. அவனுடைய பை அவனுக்காக முடிவு செய்கிறது. கொழும்பின் மாடிவீட்டில் ஆழப் புதைத்த புவிக்கம்பியும், மின் கசிந்தால் நொடியிற் பாயும் ட்ரிப் சுவிட்சும் உண்டு. இங்கே உப்புக்காற்றில் கம்பி பச்சை பூத்து அரிக்கிறது. புவிக்கம்பியே போடப்படாத வீட்டில் மூன்றாம் துளை வெறும் அலங்காரமாக நிற்கிறது. மின்சாரம் இருவருக்கும் ஒன்றே, 230 வோல்ற்று. காவல் மட்டும் பணத்திற்கேற்ப வேறுபடுகிறது.

ட்ரிப் சுவிட்சின் கதையும் நாம் அறியவேண்டியதே. 1955ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நேர்ந்த மின்விபத்துகளைத் தடுக்கவே ஹென்றி ரூபின் என்பவர் அத்தகைய கருவியை ஆக்கினார். அது வீடுகளுக்கு வந்தது அதன் பின்னரே. நிலத்தின் அடியில் உழைத்தவர்களின் இன்னலிலிருந்து பிறந்த காவல், இன்று உழைப்பவனின் குடிசைக்கு எட்டாத விலைப்பொருளாக நிற்பது எவ்வளவு கொடுமை!

வாங்குபவனே எச்சரிக்கையாக இருக்கட்டும் என்பது வணிகர் நியாயம். அந்நியாயத்தைப் பிரித்தானியாவே ஒரு படி கைவிட்டது. வீட்டு மின்கருவிகள் தரமான செருகி பொருத்தப்பட்டே விற்கப்படவேண்டும் என்று 1994இல் அங்கு விதி வகுத்தனர். பொறுப்பு வாங்குபவனிடமிருந்து விற்பவனுக்கு மாறியது. நாம் கேட்கவேண்டியதும் அதுவே. சோதனை துறைமுகத்தில் நடக்கட்டும். முத்திரையற்ற பொருள் கடையை அடையாதிருக்கட்டும். பரிசோதகர் தலைநகரோடு நின்றுவிடாமல் பொத்துவில் வரையும் வரட்டும். வறிய வீட்டின் புவிக்கம்பிச் செலவை அரசு ஏற்கட்டும்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. விழா முடிந்த மறுநாள் நான் தமிழ்ப் பாடத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, அந்தக் குதையையே பாடமாக்கினேன். மேற்றுளை ஏன் நீண்டது, கதவு ஏன் உண்டு என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பேனைமூடி நுழைத்த மாணவன் எழுந்து, "அப்படியெண்டா சேர், பொருந்தாத பிளக்கை ஏன் விக்க விடுறாங்க?" என்று கேட்டான்.

நான் அவனுக்கு விடை கூறவில்லை. அக்கேள்வியை வகுப்பறைக்கு வெளியே, கேட்கவேண்டியவர்களிடம் கேட்கும்படி சொன்னேன். அடுத்த வாரம் முப்பத்தொரு மாணவர் கையொப்பமிட்ட கடிதமொன்று எங்கள் ஊர்த் தபாற்கந்தோரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது.