கூம்பும் கயிறும்: முத்துக்குளித்துறைக் கலங்களின் மறைந்த பாதி

மரக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கலத்தின் உடலோடு நின்றுவிடுகின்றனர். ஏரா, வங்கு, பலகை என்று அளந்து சொல்லக்கூடியது அது. கலம் மூழ்கினாலும் அதன் அடிப்பகுதி சேற்றில் புதைந்து சில நூற்றாண்டுகள் தாக்குப்பிடிக்கும். கூம்பும் பாயும் கயிறும் அவ்வாறு அல்ல. புயலில் முதலில் போவன அவை. கரையேற்றி உடைக்கும்போது முதலில் அவிழ்த்து விற்கப்படுவனவும் அவையே. எனவே பழைய பாய்க்கப்பல் ஒன்றின் மாதிரியைச் செய்ய முற்படும் எவரும், உடலை முடித்துவிட்டுக் கயிற்றைக் கையில் எடுக்கும்போது திகைத்து நிற்கின்றனர். எந்தக் கயிறு எங்கே தொடங்கி, எந்தக் கப்பி வழியே ஓடி, எங்கே கட்டப்பட்டது? தூத்துக்குடிக் கடற்கரையைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் கைவினைச் சிக்கல் அன்று என்பது நம் கருத்து.

தூத்துக்குடிப் பழைய துறைமுகம் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரமிட்டன. பஞ்சுப் பொதியானாலும் கருவாடானாலும் இடையில் உள்ள கடலைத் தோணியில்தான் கடந்தாக வேண்டும். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலும் நிலை இதுவே. நீராவி வந்ததால் பாய் உடனே அழிந்துவிடவில்லை. நீராவிக்கு ஊழியம் செய்தபடியே அது பிழைத்திருந்தது. பெரிய தோணிகள் தம் போக்கில் கொழும்புக்குச் சென்று வந்தன. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடந்த நூற்றாண்டு முடிவதற்குள் தோணிகளில் டீசல் இயந்திரம் ஏறிவிட்டது. இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் மரத்தோணிகளைப் பழைய துறைமுகத்தில் காணலாம். உடல் கட்டும் அறிவு ஓடாவிகளிடம் உயிரோடு இருக்கிறது. பாய் துணைக் கருவியாகச் சுருங்கியபின், முழுப் பாயில் கடலோடிய அறிவு மட்டும் முதிய தண்டல்களின் நினைவில் ஒதுங்கிவிட்டது.

தமிழ் படித்தவர்களாகிய நாம் இங்கே முதலில் நூல்களிடம் செல்வது இயல்பு. மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையில், மதம் கொண்ட காலவேகம் என்னும் யானைக்குப் புயலில் சிக்கிய வங்கம் உவமையாகிறது. நீகான் நடுங்க, நடுவே ஓங்கிய கூம்பு அடியில் முறிகிறது; இறுக்கிய பிணிப்பு அவிழ்கிறது; கயிறு அறுகிறது; இதை, அதாவது பாய், கிழிந்து ஆர்ப்பரிக்கிறது. சாத்தனார் கடலோடியாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கடலோடி ஒருவரிடம் கேட்டறிந்திருக்கிறார். கூம்பு ஒன்றே, அதுவும் நடுவில் நிற்பது. அதைத் தாங்குவது கயிற்றின் இறுக்கமே என்ற இரண்டு செய்திகள் மாதிரி செய்பவருக்கு இவ்வுவமையில் கிடைக்கின்றன.

புறநானூற்றின் 30ஆம் பாட்டு இன்னும் சுவையான இடர்ப்பாட்டைத் தருகிறது. கூம்பையும் மீப்பாயையும் களையாமல், பாரத்தையும் குறைக்காமல் பெருங்கலம் ஆற்றுமுகத்தில் நுழைவதை முதுகண்ணன் சாத்தனார் காட்டுகிறார். மீப்பாய் என்றால் என்ன? கூம்பின் மேலே விரித்த பாய் என்று கொண்டால் ஒரு பாயே போதும். மேற்பாய் என்று கொண்டால் அதன் கீழே இன்னொன்று இருந்திருக்க வேண்டும். உரையில் இரண்டு பொருளையும் சொல்லிவிட்டுப் போகலாம், மாதிரியில் முடியாது. அங்கே ஒரு பாயா, இரண்டா என்று முடிவெடுத்தாக வேண்டும். இலக்கிய வகுப்புகளில் நாம் எளிதில் கடந்து செல்லும் சொற்களைப் பிடித்து நிறுத்தும் இக்கண்டிப்பு நமக்கு மிகவும் பிடித்தது.

படச்சான்றுகள் சிலவே. சோழமண்டலக் கரையில் கிடைக்கும் சாதவாகனர் காசுகளில் இரண்டு கூம்புகளும் அவற்றிலிருந்து இறங்கும் கயிறுகளும் தெரிகின்றன. வைகை முகத்து அழகன்குளத்தில் அகழ்ந்தெடுத்த பானையோட்டில் கீறப்பட்ட கப்பலை ரோமானிய வகை என்று அறிஞர் கண்டனர். கொற்கையோ இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்வாங்கி நிற்கிறது. முத்தும் துறையும் பாடப்பட்ட அளவுக்கு அதன் கலங்களின் உருவம் நமக்குக் கிட்டவில்லை.

நேரில் கண்டு அளந்தவர்களுள் இருவரைச் சொல்ல வேண்டும். இலங்கையில் கப்பற்றச்சுப் பணியில் தலைமை வகித்த ஜான் எடி, சோழமண்டல, மலபார், இலங்கைக் கரைகளின் கலங்களைப் பற்றி 1834இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சோழமண்டலத் தோணிக்கு அவர் தரும் அளவு ஏறத்தாழ 70 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி ஆழம். கூம்பு ஒன்று, பாய் ஒன்று. தோணியின் கட்டுமானத்தை அவர் இகழ்ந்துதான் எழுதினார். இகழ்ந்தவர் அளந்தும் வைத்தார் என்பதால் மன்னித்துவிடலாம். மற்றவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி. 1840களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய பெருநூலில் நம் கரையின் கலங்களும் வரைபடங்களோடு இடம்பெற்றன. பிற்காலத்தில் பாரிஸ் கடற்கலக் காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபோது, தம் வரைபடங்களைக் கொண்டு உலகக் கலங்கள் பலவற்றின் மாதிரிகளை அவர் செய்வித்தார். மாதிரி என்பதைப் பொம்மையாகக் கருதாமல் ஆவணமாகக் கருதியவர் அவர்.

இனிச் சொற்களுக்கு வருவோம். ஏட்டில் வராதவை சொல்லில் தங்கியிருக்கின்றன. பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். அரபுப் பாய்க்கப்பல்களில் இதே உறுப்பை ஃபர்மன் என்பர். இந்த ஒலி நெருக்கத்தை ஒதுக்கிவிட இயலவில்லை. பருமலை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான்; பாரசீகத்தில் தாமன் என்றால் ஆடையின் கீழ்விளிம்பு. சுக்கானும் மாலுமியும் அரபு வழி வந்தவை. பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று போர்ச்சுக்கீசியரை நினைவூட்டுகிறது. 1811இல் தாமஸ் ரோபக் தொகுத்த கப்பற்சொல் அகராதியில், இந்துமாக்கடல் மாலுமிகள் பேசிய இக்கலவை மொழி பதிவாகியிருக்கிறது. முன்கூம்பைத் திரிகட் என்றும் மேற்பாயைக் காவி என்றும் அவர்கள் சொன்னவை போர்ச்சுக்கீசியச் சொற்களே. அணியம் முதலிய உடற்சொற்கள் பல தமிழாக நிற்க, கயிற்றுச் சொற்களில் இத்தனை தேயத்தார் கலந்திருப்பது கவனிக்கத்தக்கது. கலத்தை உள்ளூரார் கட்டினர். அதை ஓட்டியவர்களோ துறைதோறும் கலந்து பழகினர்.

அண்மையில் முத்துக்குளித்துறை வீடு ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வள்ளத்தின் மாதிரியைக் கண்டோம். சங்கும் முத்தும் குளிக்கச் சென்ற, ஒற்றை முக்கோணப் பாய் கொண்ட வள்ளம் அது. (முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை.) உடல் அழகு, பலகை இணைப்புகளில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கூம்பின் இருபுறமும் ஐரோப்பியப் போர்க்கப்பலில் காண்பது போன்ற நூலேணிகள் நிலையாகக் கட்டப்பட்டிருந்தன. செய்தவர் படத்தில் கண்ட ஏதோ ஒரு கப்பலை நினைத்துக் கட்டியிருக்கிறார். முக்கோணப் பாய்க்கலத்தில் நீண்ட பருமல் கூம்பின் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். திசை மாற்றும்போது பருமலைச் செங்குத்தாக நிமிர்த்திக் கூம்பின் முன்புறமாக மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். பாய் விரியும் பக்கத்தில் தாங்குகயிறு இருந்தால் அது பாயை உரசிக் கிழிக்கும். எனவே தாங்குகயிறுகளை அவிழ்த்துக் காற்று வரும் பக்கத்துக்கு மாற்றிக் கட்டுவர். இருபுறமும் ஒத்திருப்பது கண்ணுக்கு அழகுதான். அந்த வள்ளம் கடலில் திரும்பாது.

அளவிலும் நுட்பம் உண்டு. நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்தால், ஓரடி நீளக் கப்பி குன்றிமணி அளவுக்கு வரும். இரண்டங்குலத் தென்னைநார் வடம் ஒரு மில்லிமீட்டர் நூலாகும். கடைநூல் அதற்கு உதவாது; வடம்போலவே புரி முறுக்கி, தேன்மெழுகு தடவித் திரிக்க வேண்டும்.

எதிர்க்கரையில் நல்லூழ் வாய்த்த ஒரு கலம் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணியை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சூயஸ் வழியே சென்ற அக்கப்பல், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதன் இரு கூம்புகளையும் பாய்களையும் புகைப்படங்களில் காண முடிகிறது. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் திரும்பவுமாக எத்தனையோ ஆயிரம் முறை சென்று வந்தன. அன்றாடம் நடப்பதை யாரும் படம் எடுத்து வைப்பதில்லை.

ஜோ டி குருஸின் ‘கொற்கை’ (2009) தோணித் தொழிலின் மாந்தரையும் பேச்சையும் காத்துத் தந்திருக்கிறது. நாவலால் ஆகக்கூடியது அது. கயிறு ஓடும் வழியைக் காக்க வேறு வேலை வேண்டும். ஓடாவி ஒருவரைக் கொண்டு கைக்கு அடங்கும் தோணி உடல் ஒன்றைச் செய்வித்து, கூம்பை நட்டு, பாய்க்காலத்தில் கடலோடிய பெரியவர்கள் முன் நூலும் கப்பியுமாக வைக்க வேண்டும். அவர்களுள் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். கேள்வி கேட்டுப் பதிவு செய்வதைவிட, அவர்களையே கட்டச் சொல்லி விரல்களைப் படம்பிடிப்பது பயன் தரும். முதலில் ஆஞ்சானில் தொடங்கலாம். அரபுக் கலங்களில் அது கூம்பின் பின்புறமாக இறங்கி, பெரிய கப்பி ஒன்றில் முடிந்து, கூம்பையே பின்னிருந்து தாங்கவும் செய்தது. நம் தோணியிலும் அவ்வாறுதானா, அல்லது பக்கவாட்டில் கட்டினார்களா என்பதை அவர்களில் யாராவது ஒருவர் கட்டிக் காட்டிவிட முடியும்.