பேஸ்மென்டை வசிப்பிடமாக்க முன்: ரொறன்ரோ வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை

1983 யூலைக்குப் பின் கனடா வந்த ஈழத்தமிழர் பலர் ரொறன்ரோவின் அடுக்குமாடிகளிலும் பேஸ்மென்ட்களிலும்தான் வாழத் தொடங்கினார்கள். இன்று அவர்களிற் பலர் ஸ்காபுரோ, மார்க்கம், பிரம்ரன் பகுதிகளில் வீட்டுச் சொந்தக்காரர்கள். வீட்டுக்கடன் கட்ட வாடகை தேவைப்படுகிறது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு அறை வேண்டும். படிக்க வந்த பெறாமகனுக்கும் இடம் கொடுக்க வேண்டும். எல்லோருடைய பார்வையும் கீழ்த்தளத்தை நோக்கியே போகிறது.

கனடாவில் குளிர்காலத்தில் நிலம் உறைவதால், அத்திவாரம் அந்த ஆழத்தைத் தாண்டி இறங்க வேண்டும். ரொறன்ரோவில் அது சுமார் 1.2 மீற்றர். அவ்வளவு தோண்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு தளமாகவே கட்டிவிடுகிறார்கள். பழைய வீடுகளில் அது உலைக்கும் குழாய்களுக்கும் சாமான்களுக்குமான இடம். அங்கே ஒருவர் தூங்குவதானால் ஈரமின்மை, வெளியேறும் வழி, நல்ல காற்று ஆகிய மூன்றும் முதலில் உறுதியாக வேண்டும். தரையோடும் பெயின்ற்றும் அதன் பிறகுதான்.

தண்ணீர்

2013 யூலை 8, 2024 யூலை 16 ஆகிய இரு நாட்களிலும் பெய்த கடும் மழையில் ரொறன்ரோவின் பல பேஸ்மென்ட்களுக்குள் வெள்ளம் புகுந்தது. சுவரில் வெள்ளை உப்புப் படிவு, பூஞ்சண மணம், வெடிப்பு உள்ளனவா என்று பாருங்கள். ஒரு மீற்றர் அளவு பொலித்தீன் விரிப்பைக் கொங்கிறீற் தரையில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் துளிர்த்திருந்தால் தரை ஈரத்தை இழுக்கிறது.

கூரைப் பீலியின் நீர் சுவரடியில் விழாமல் தள்ளிப் போகிறதா, வெளிநிலம் வீட்டிலிருந்து சரிந்து செல்கிறதா என்பதையும் கவனியுங்கள். கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்கும், தேங்கும் நீரை வெளியேற்றும் பம்புக்கும் ரொறன்ரோ மாநகரசபை மானியம் வழங்குகிறது. வேலை தொடங்க முன்னரே நிபந்தனைகளை விசாரியுங்கள்.

அனுமதி

2022இல் ஒன்ராறியோ நிறைவேற்றிய சட்டத்தின்படி, நகர நீர், கழிவுநீர் வசதியுள்ள பெரும்பாலான குடியிருப்புக் காணிகளில் மூன்று குடியிருப்புகள் வரை அமைக்கலாம். ஆனால் கட்டட அனுமதிப்பத்திரம் கட்டாயம். சில நகரங்களில் இரண்டாவது குடியிருப்பைப் பதிவும் செய்ய வேண்டும். பிரம்ரன் அவற்றில் ஒன்று.

“அனுமதி எடுத்தால் செலவு, சும்மா செய்வம்” என்று சொல்லும் ஒப்பந்தகாரரிடம் அவதானமாக இருங்கள். சட்டகம், குழாய், வெப்பக்காப்பு ஆகியவற்றைச் சுவர் மூட முன்னரே பரிசோதகர் பார்க்க வேண்டும். மூடிய பின் பார்ப்பதானால் உடைக்க வேண்டிவரும். மின்வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரரிடமே கொடுங்கள்.

கூரை உயரம் 1.95 மீற்றருக்குக் குறைவாக இருந்தால் தரையைத் தாழ்த்த வேண்டிவரலாம். அது அத்திவாரத்தைத் தொடும் வேலை. பொறியியலாளர் இன்றித் தொடங்கக் கூடாது, செலவும் பெரிது.

வெளியேறும் வழி

நேரே வெளியே திறக்கும் கதவு இல்லாத கீழ்த்தளத்தில் படுக்கையறை இருந்தால், தப்பிச் செல்லக்கூடிய யன்னல் வேண்டும். திறக்கும் பகுதி குறைந்தது 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. அகலம் 380 மில்லிமீற்றர்தான் என்றால் உயரம் ஏறத்தாழ 920 இருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே குழி இருந்தால் ஆள் ஏறி வர 550 மில்லிமீற்றர் இடைவெளி தேவை. சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். கள்ளருக்குப் பயந்து யன்னலுக்குக் கம்பி அடிப்பது ஊர்ப் பழக்கம். இங்கே தீப்பிடித்தால் அந்தக் கம்பியே ஆளை உள்ளே அடைத்துவிடும்.

புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். ஒன்று ஒலித்தால் மற்றவையும் ஒலிக்கும்படி இணைப்பது நல்லது. எரிவாயு உலை இருக்கும் வீட்டில் தூங்கும் இடத்துக்கு அருகே கார்பன் மொனொக்சைட் கருவியும் தேவை. அந்த வாயுவுக்கு மணமில்லை.

காற்று

மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு கீழ்த்தளத்தில் சேரும். புகைத்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்கு அதுவே பெரிய காரணம். குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் அளந்து பாருங்கள். கன மீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் குறைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது கனடிய சுகாதாரத் துறையின் வழிகாட்டல்.

வாடகையும் காப்புறுதியும்

வாடகைக்கு விடுவதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மறைத்தால் தீ, வெள்ள இழப்பீடு மறுக்கப்படலாம். வாடகை வருமானத்தை வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். அனுமதியில்லாத பேஸ்மென்டில் இருப்பதால் மட்டும் வாடகைக்காரரின் சட்ட உரிமைகள் இல்லாமல் போவதில்லை.

யார் தங்கப் போகிறார்?

முதிய பெற்றோருக்கென்றால் படிக்கட்டில் கைபிடி, நல்ல வெளிச்சம், கீழேயே குளியலறை ஆகியன வேண்டும். மறக்கப்படும் இன்னொன்றும் உண்டு. பங்கருக்குள் இரவுகளைக் கழித்தவர்களுக்கு நிலத்துக்குக் கீழே, யன்னல் சிறுத்த அறையில் படுப்பது மனதுக்கு ஒத்துவராமற் போகலாம். “பரவாயில்லை, எனக்கு எங்கையும் காணும்” என்று பெற்றோர் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், திட்டம் வரைய முன் அவர்களை அங்கே கூட்டிச்சென்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால் மேல்தள அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பறையைக் கீழே கொண்டுபோகலாம்.