ஆற்றைக் கடந்த மணியும் ஆற்றில் ஆழ்ந்த மணியும்



கிண்ணியாத் துறையிலே 2009 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை பாதைதான் போக்குவரத்து. பாதை என்றதும் தெருவை நினைத்துவிடக் கூடாது. வாகனத்தையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்திலே அதுதான் பெயர். சிறுவனாயிருந்தபோது அந்தப் பாதையிலே ஒரு கோயிலின் கண்டாமணி போனதைக் கண்டேன். பத்து அந்தர் நிறை இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மணியைக் கிடத்தியிருந்தார்கள். பாதை அக்கரையைத் தட்டியது. உடனே இறக்கிவிடுவார்கள் என்று நான் பார்த்திருக்க, பாதைக்காரர் தடுத்துவிட்டார். வற்று நீர் இழுக்கிறது, நீர் நிற்கட்டும் என்றார். கோயில் தர்மகர்த்தாவுக்குப் பொறுமை இல்லை.

"நல்ல நேரம் தப்பப் போகுது தம்பி" என்றார்.

"நேரம் தப்பினா ஐயர் வேற நேரம் பாத்துத் தருவார் ஐயா. மணி தண்ணிக்குள்ள போனா ஆர் எடுத்துத் தாற?"

பொழுது சாயும் வேளையில் நீர் ஓய்ந்த பிறகே மணி கரையேறியது. பின்னாளிலே பர்மாவின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாதைக்காரர் சொன்னது என் காதில் ஒலித்ததுண்டு. ஆற்றைக் கடக்க முயன்ற மூன்று பெருமணிகளின் கதை அந்நாட்டு வரலாற்றில் இருக்கிறது. இன்று அதைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

கதைக்குள் போகுமுன் ஒரு சொல்லைப் பார்ப்போம். பர்மாவிலே மணிகளின் நிறையை 'விஸ்' என்ற அளவால் குறிப்பார்கள். ஆங்கில நூல்களிலும் அச்சொல்லே வரும். அது வேறொன்றுமல்ல, எங்கள் வீசைதான். தமிழ் வணிகரின் வாய்ச்சொல்லாக வங்காள விரிகுடாவைக் கடந்த வீசை அங்கே ஏறக்குறைய 1.63 கிலோவாக நிலைபெற்றது. ஆகவே இனி நான் வீசை என்றே சொல்லப் போகிறேன். அந்தச் சொல்லின்மேல் நமக்கு உரிமை உண்டு.

முதல் மணி தம்மசேதி மன்னனுடையது. பதினைந்தாம் நூற்றாண்டிலே பெகு நகரிலிருந்து மொன் இராச்சியத்தை ஆண்டவன் அவன். இலங்கை வரலாற்றிலும் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. 1476 இல் அவன் இருபத்திரண்டு தேரர்களை, அவர்தம் சீடர்களோடு, இரண்டு கப்பல்களில் இங்கே அனுப்பினான். களனி கங்கையில் வள்ளங்களைப் பிணைத்து அமைத்த மேடையிலே அவர்களுக்கு உபசம்பதை நடந்தது. திரும்பும் வழியிலே ஒரு கப்பல் உடைந்து, அதிற் சென்றவர்கள் கால்நடையாக நாகபட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். இவற்றையெல்லாம் 1479 இல் பெகுவிலே கல்லில் வெட்டுவித்தான் மன்னன். களனியின் பெயராலே அவை கல்யாணிக் கல்வெட்டுகள் எனப்படுகின்றன.

அந்த மன்னனே 1484 அளவிலே இரங்கூனின் சுவேதகோன் தாதுகோபத்துக்கு ஒரு மணி வார்த்துக் கொடுத்தான். நிறை 1,80,000 வீசை என்பது பர்மியர் சொல்லும் கணக்கு. இன்றைய அளவில் 294 தொன். செம்போடு வெள்ளீயமும் வெள்ளியும் பொன்னும் கலந்து வார்த்தார்கள் என்பர். நிறையைச் சற்று ஐயத்தோடு நோக்குவோரும் உளர். ஆயினும் மணி பெரியது என்பதிலே ஐயமில்லை. 1583 இல் அங்கு சென்ற வெனிஸ் நகரத்து மணி வணிகர் கஸ்பாரோ பல்பி (மணி என்றது இங்கே இரத்தினத்தை) அதை அளந்து, ஏழு நடையும் மூன்று கையும் என்று எழுதி வைத்தார். மேலிருந்து கீழ்வரை எழுத்துப் பொறித்திருந்தது என்றும், எவராலும் அதைப் படிக்க முடியவில்லை என்றும் குறித்தார். நூறே ஆண்டிலே வாசிப்பாரற்றுப் போன எழுத்தா, அல்லது வாசிக்கத் தெரிந்தவரை அவர் சந்திக்கவில்லையா? இரண்டாவதே உண்மையாயிருக்கலாம் என்பது என் எண்ணம். வெளியூரார் எழுதும் குறிப்புகளில் இது வழக்கமான குறை.

அதன்பின் வந்தான் பிலிப்பே டி பிரிட்டோ. அரக்கான் மன்னனின் சேவகத்திலே இருந்த போர்த்துக்கேயன். இரங்கூனுக்கு எதிரே, பெகு ஆற்றின் மறுகரையிலுள்ள சீரியம் துறைமுகத்தைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு, அங்கே ஒரு குறுநில மன்னனாகவே வாழ்ந்தான். விகாரைகளின் மணிகளை உருக்கிப் பீரங்கி வார்ப்பது அவனுடைய வழக்கமாயிற்று. நம்மவர் நெஞ்சிலே இங்கு ஒரு முள் தைக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621 இல் இடித்த தளபதியும் ஒரு பிலிப்புத்தான், பிலிப்பே டி ஒலிவேரா. இருவரும் ஒரே தலைமுறையினர்.

1608 இல் டி பிரிட்டோ தம்மசேதி மணியின்மேல் கை வைத்தான். குன்றின்மேலிருந்து அதைக் கீழே உருட்டி, யானைகளைப் பூட்டி இழுத்துப் பசுந்தாங் ஓடைக் கரைக்குக் கொண்டுவந்து, தெப்பத்தில் ஏற்றினார்கள். தெப்பத்தைக் கப்பலோடு பிணைத்துக்கொண்டு சீரியத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். தூரம் அதிகமில்லை. ஆனால் ஓடையும் பெகு ஆறும் இரங்கூன் ஆறும் கலக்கும் இடத்தைக் கடக்க வேண்டும். பிற்காலத்திலே ஆங்கிலேயர் அதற்கு மங்கி பொயின்ற், அதாவது குரங்கு முனை, என்று பெயரிட்டார்கள். அங்கே நீர் ஒரு திசையில் ஓடுவதில்லை. கடலின் ஏற்றமும் வற்றமும் அவ்வளவு தூரம் ஏறிவரும். பெருக்கு நாட்களிலே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் பதினைந்து அடிக்கு மேலும் வித்தியாசம் இருக்கும். அந்த நீர் நாளுக்கு இரு தடவை உள்ளே வந்து இரு தடவை வெளியே போக வேண்டுமென்றால் ஓட்டம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சுழலிலே தெப்பம் பிரிந்தது. மணி அடியிலே போனது. கட்டியிருந்த கப்பலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது.

ஏன் பிரிந்தது? கணக்காகவே பார்க்கலாம். நன்கு உலர்ந்த தேக்கு ஒரு கன மீற்றர், தன் நிறை போக, மூன்றில் ஒரு தொன் அளவு பாரத்தையே மிதக்கவைக்கும். 294 தொன்னுக்கு 900 கன மீற்றர் அளவில் மரம் வேண்டும். மணியின் நிறையைப் பாதியாகக் கொண்டாலும் அது சிறு தெப்பமல்ல. பச்சைத் தேக்கோ மிதக்கவே மிதக்காது. அதனாலேதான் பர்மாவிலே மரத்தை நின்ற நிலையில் பட்டை சுற்றி வெட்டி, இரண்டு மூன்று வருடம் காயவிட்டுப் பிறகு ஆற்றிலே இறக்கினார்கள். மேலும், பாரம் மிதவையின் நடுவிலே இருக்கும்வரை ஆறு அதைச் சுமக்கும். பாரம் ஓரத்துக்கு நகர்ந்தால் அந்த ஓரம் தாழும், தாழ்ந்த ஓரத்தின்மேல் ஓட்டம் ஏறும், ஏறிய நீர் அதை மேலும் தாழ்த்தும். கிண்ணியாப் பாதைக்காரர் அஞ்சியது இதற்குத்தான். தெப்பத்தை ஓடுகின்ற கப்பலோடு கட்டினாலோ ஆறு ஒரு பக்கம் இழுக்கும், கயிறு மறு பக்கம் இழுக்கும்.

டி பிரிட்டோவின் முடிவும் கொடியதே. 1613 இல் பர்மிய மன்னன் அனவுக்பெத்லுன் சீரியத்தைப் பிடித்து அவனைக் கழுவேற்றினான்.

இரண்டாவது மணிக்கு வருவோம். இருநூறு ஆண்டுகள் கழித்து, மேல் பர்மாவிலே போதொபயா மன்னன் மிங்குன் என்ற இடத்தில் ஒரு மாபெரும் தாதுகோபம் எழுப்பத் தொடங்கினான். அது முடியவேயில்லை. அதற்கென 1808 முதல் 1810 வரை வார்க்கப்பட்ட மணி 55,555 வீசை, ஏறக்குறைய 90 தொன். வார்த்த இடம் மிங்குன் அன்று. ஐராவதியின் மறுபுறத்திலே, நந்தா என்னும் ஆற்றுத்தீவிலே வார்த்தார்கள். இனி அதை அந்த மகாநதியைக் கடத்திக் கொண்டுவந்து கரையிலே இறக்க வேண்டும்.

ஐராவதி என்ற பெயரைக் கேட்டதும் இந்திரனின் யானை நமக்கு நினைவு வரும். பொருத்தமான பெயர்தான். மாரியிலே அந்த ஆறு கோடை மட்டத்திலிருந்து முப்பது அடியளவு உயரும். அப்போது அதன் ஓட்டத்திலே ஒரு மிதவையைக் கரையோடு அசையாமல் நிறுத்தி, 90 தொன்னை அதிலிருந்து கழற்றுவது நடவாத காரியம். மன்னனின் ஆட்கள் அதை முயலவில்லை. மணியை இரு படகுகளிலே தாங்கி ஆற்றைக் கடந்தார்கள். கடந்ததும் கரையோரத்தில் நிற்கவில்லை. முன்னதாகவே வெட்டி வைத்திருந்த இரண்டு கால்வாய்களுக்குள் படகுகளைச் செலுத்தினார்கள். பிறகு கால்வாய்க்கு அணை கட்டினார்கள். அந்தக் கணத்தோடு ஆறு ஆறாக இல்லை, குளமாகிவிட்டது. நீர்மட்டத்தை உயர்த்த, படகுகள் உயர்ந்தன, மணியும் உயர்ந்தது. வேண்டிய உயரத்திலே மணியை நிலைநிறுத்திக்கொண்டார்கள். மணி தொங்கியது. இதிலே பாரம் தூக்கியவன் யார்? தண்ணீர்தான். ஆட்கள் மண்ணைத்தான் சுமந்தார்கள்.

நீரைக் கொண்டே பாரம் தூக்கும் இந்த உபாயம் பழையது. எகிப்திலே தொலமி மன்னன் காலத்தில் ஒற்றைக்கல் தூண் ஒன்றை நகர்த்திய கதையை உரோம ஆசிரியர் பிளினி எழுதியிருக்கிறார். தூணுக்குக் கீழாக நைல் நதியிலிருந்து கால்வாய் வெட்டி, தூணைப்போல் இருமடங்கு நிறையுள்ள கற்களை இரு படகுகளில் ஏற்றி, அவற்றைத் தாழ அமிழ்த்தித் தூணின் அடியிலே கொண்டுபோய் நிறுத்தினார்களாம். கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க, படகுகள் எழுந்து தூணைத் தோளில் வாங்கிக்கொண்டன. ஐராவதிக் கரையிலே எவரும் பிளினியைப் படித்திருக்கப் போவதில்லை. ஆற்றோரத்திலே பிறந்தவனுக்கு அது புத்தகத்திலிருந்து வர வேண்டியதுமில்லை.

போதொபயாவை நான் புகழ வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிங்குன் திருப்பணியில் ஆயிரக்கணக்கான கைதிகளும் கட்டாய ஊழியரும் வருந்தினார்கள். யார் வார்ப்பித்தது என்பது வரலாற்றிலே இருக்கிறது. அணையை எந்த இடத்திலே போடுவது என்று சொன்னவனின் பெயரைக் காணோம்.

1839 இல் நிகழ்ந்த நிலநடுக்கத்திலே அந்த மணி தாங்கியிலிருந்து சரிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 1896 இல் பொதுமக்கள் பணம் சேர்க்க, ஐராவதியிலே நீராவிப் படகுகள் ஓட்டிய ஸ்கொத்லாந்துக் கம்பனி திருகு உயர்த்திகளையும் நெம்புகோல்களையும் கொண்டு அதைத் திரும்பத் தூக்கி மாட்டியது. அந்நியர் என்றால் மணியைக் கொண்டுபோகத்தான் வருவார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது.

ஆனால் மூன்றாவது மணியை அந்நியர் கொண்டுபோகத்தான் பார்த்தார்கள். சிங்கு மன்னன் 1770களின் பிற்பகுதியிலே சுவேதகோனுக்கு அளித்தது அது. மகாகந்தா என்று பெயர். நிறை 23 தொன் அளவு, தம்மசேதி மணியோடு ஒப்பிட்டால் குழந்தை. முதலாம் ஆங்கில-பர்மியப் போரிலே, 1824 இல், பிரித்தானியர் இரங்கூனைப் பிடித்துச் சுவேதகோனைப் படைவீடாக்கினர். அடுத்த ஆண்டு மணியைக் கல்கத்தாவுக்கு ஏற்றிச் செல்ல முனைந்தார்கள். அதே ஆறு. கப்பலில் ஏறாமலே மணி தண்ணீருக்குள் போய்விட்டது. தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை, கைவிட்டார்கள்.

அப்போது பர்மியர் வந்து ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்கிறோம், எடுத்தால் அது திரும்ப எங்கள் கோயிலுக்கு, என்பதே அது. சம்மதம் கிடைத்தது. வெற்றி பெற்ற படை செய்ய முடியாததைத் தோற்றவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்ற அலட்சியமும் அந்தச் சம்மதத்திலே இருந்திருக்கும்.

பர்மியர் மூங்கில் கொண்டுவந்தார்கள். ஆட்களை அடியிலே அனுப்பி, மணியைச் சுற்றி மூங்கிலை மூங்கிலாகக் கட்டினார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. இங்கேயும் கணக்குப் பார்த்தால் வியப்பு வராது, மதிப்பே வரும். வெண்கலம் நீருக்குள்ளே தன் நிறையில் ஏறக்குறைய ஒன்பதிலொரு பங்கை இழக்கும். ஆகவே தூக்க வேண்டியது இருபது தொன். முப்பது அடி நீளமான தடித்த மூங்கில் ஒன்று, தன் நிறை போக, ஐம்பது கிலோ அளவு மேலே தள்ளும். நானூறு மூங்கில் போதும். அடிச்சேறு மணியை விடாமல் உறிஞ்சிப் பிடிக்கும், அதற்காக இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆற்றின் வலிமையோடு அவர்கள் மல்லுக்கட்டவில்லை. மணி கரைக்கு வந்தது, பிறகு குன்றுக்கும் ஏறியது. சுவேதகோனின் வடமேற்கு மூலையிலே ஒரு மண்டபத்தில் அது தொங்குகிறது.

தம்மசேதியின் மணிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1980களிலிருந்து சுழியோடிகள் பலமுறை இறங்கியிருக்கிறார்கள். 2014 இலும் ஒரு பெருந்தேடல் நடந்தது. அகப்பட்டது என்று செய்தி வந்து, பிறகு அடங்கிப் போயிற்று. அந்த இடத்திலே கண்ணுக்குக் கை தெரியாத கலங்கல். அடியிலே பல ஆண்டுச் சேறு, அதற்குமேல் பின்னாளில் மூழ்கிய கப்பல்களின் எலும்புக்கூடுகள். பல்பியாரால் வாசிக்க முடியாமற்போன எழுத்துகளும் அந்தச் சேற்றுக்குள்ளேதான் கிடக்கின்றன.