துணை நின்றவர்கள்

தன்முன்னேற்ற நூல்கள் மனவுறுதியைத் தனிமனிதச் சொத்தென்கின்றன. தோட்டவெளி வேதசாட்சிகள் ஆலயத்தில் நிற்கையில் எனக்கு அதில் ஐயமெழும்.

1544இல் மன்னார் மக்கள் பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தனர். முத்துக்குளித்துறைப் பணியிலிருந்த அவரால் வர இயலவில்லை. குரு ஒருவரை அனுப்பினார். அவ்வாண்டே, புதுச் சமயத்தைத் தழுவியோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான்; 600 முதல் 700 பேர் எனத் திருச்சபை மரபு கூறும். அழைக்கப்பட்ட தலைவர் அருகில் இல்லை, அயலார் இருந்தனர்.

1960களின் தொடக்கத்தில், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையில், பிறருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கட்டளைக்கு 40 பேரில் 26 பேர் இறுதிவரை பணிந்தனர். அதிர்ச்சி போலியென அவர்கள் அறியார். உடனிருந்த இருவர் மறுத்துக் காட்டியபோது, பணிந்தோர் 40இல் 4 பேரே.

அலுவலகத் தலைமைக்கும் பாடம் இதுவே: துணிவை உபதேசிப்பதைவிட, 'முடியாது' என்பவரைத் தனியே நிற்கவிடாதிருப்பது மேல்.