படவில்லையும் பிள்ளையின் பேச்சும்

1987இல் மக்கின்ரோஷ் கணினிக்கென வெளியான பவர்பொயின்ற், அதே ஆண்டில் மைக்ரோசொப்ற் கைக்குப் போனது. அலுவலகக் கூட்டங்களுக்காகச் செய்த இக்கருவியில்தான் இன்று பாடமும் நடக்கிறது.

திரையிலுள்ளதையே ஆசிரியர் வரிக்குவரி வாசித்தால் மாணவர் கற்பது குறையும் என்பது அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வு முடிவுகளில் ஒன்று. எனவே படம் திரையில் இருக்கட்டும். விளக்கத்தை வாயால் சொல்லுங்கள்.

இரட்டைப்பதிவு கற்பிக்கையில் விடையை முதலே காட்டவேண்டாம். 'காசுக்குத் தளபாடம் வாங்கியது' என்ற ஒரு வரி போதும். எந்தக் கணக்கு வரவு, எது செலவு என்று மாணவர் சொன்னபின் அடுத்த வரி வரட்டும்.

தமிழ்ப் பாடமும் அப்படித்தான். பர் துபாயில் வளரும் பிள்ளைக்குத் தெரிந்தது பேரீச்சை. அதையும் பனையையும் அருகருகே காட்டி, ஓலையில் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கியதும் 'பி' விசையை அழுத்தினால் திரை கறுக்கும். கவனம் பேச்சுக்குத் திரும்பும். 'வடலி', 'நுங்கு' என்ற சொற்களைப் பிறகு காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை: பாமினியில் தட்டச்சிட்டது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட்டில் எழுதினால் இன்று செய்த பாடம் நாளை பேரப்பிள்ளைக்கும் உதவும்.