தோள்பட்டை பார்த்த பதக்கம்: காலாட்படை அதிகாரியும் வீர விருதும்

1942 பிப்ரவரி 22. பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்துக்கான சண்டையில், 12-ஆம் எல்லைப்புறப் படைப்பிரிவின் 4-ஆவது பட்டாலியனில் ஒரு கம்பெனியை நடத்திய கேப்டன் சாம் மானெக்‌ஷா, வயிற்றில் குண்டுகள் பாய்ந்து விழுந்தார். பிழைக்கமாட்டார் என்று எண்ணிய மேலதிகாரி டேவிட் கோவன், தம் மிலிட்டரி கிராஸ் நாடாவைக் கழற்றி அவருக்குக் குத்தினார் என்பார்கள். செத்தவருக்கு அந்தப் பதக்கம் கிடையாது என்பது அன்றைய விதி. நெகிழ்ச்சியோடு சொல்லப்படும் இந்தக் கதையில் ஆய்வுக்கு உரியது அந்த விதிதான். (மானெக்‌ஷா பிழைத்தார். 1971 போரில் தரைப்படைத் தளபதியாக இருந்தவர், 2008இல் வெலிங்டனில் காலமானார்.)

ஆங்கிலேயர் காலத்துப் பதக்கங்கள் வீரத்தை மட்டும் அளக்கவில்லை. ஆள் யார், பதவி என்ன என்றும் பார்த்தன. 1837இல் கிழக்கிந்தியக் கம்பெனி ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’டை இந்தியப் படையினருக்கென்றே தனியாக வகுத்தது. 1856இல் வந்த விக்டோரியா கிராஸுக்குப் பதவி வேறுபாடு இல்லை என்றாலும், இந்தியச் சிப்பாய்கள் அதற்குத் தகுதி பெற 1911 ஆகிவிட்டது. 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கிய குதாதாத் கான் அதை வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் உருவான மிலிட்டரி கிராஸ் கேப்டன் வரையிலான அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் உரியது. சாதாரணச் சிப்பாய்க்கு 1916இல் மிலிட்டரி மெடல் என்று வேறொன்று வந்தது. ஒரே பதுங்குகுழியில் ஒரே துணிச்சலைக் காட்டிய இருவருக்குத் தோள்பட்டையைப் பார்த்து இருவேறு பதக்கங்கள்.

1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடியரசு இந்த ஏணியைக் கைவிட்டது. பரம் வீர், மகா வீர், வீர் சக்கரங்கள் எல்லாப் பதவியினருக்கும் பொது, இறந்தவருக்கும் உண்டு. 1947 ஆகஸ்ட் 15 முதல் அவை செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது. பிரிட்டன் இந்தப் பதவிப் பிரிவினையை நீக்கியது 1993இல்தான்.

முதல் பரம் வீர் சக்கரம் 4-ஆம் குமாவோன் பட்டாலியனின் மேஜர் சோம்நாத் சர்மாவுடையது. 1947 நவம்பர் 3, ஸ்ரீநகர் விமான தளத்துக்கு அருகே பட்காம். இடக்கையில் மாவுக்கட்டு. எதிரிகள் பல மடங்கு அதிகம். துப்பாக்கி இயக்குவோர் குறைந்தபோது அவரே தோட்டா நிரப்பிக் கொடுத்தார். அருகில் மோர்ட்டார் குண்டு வெடித்து இறந்தார். ஒரு கையால் செய்த அந்த வேலையைச் சிப்பாய் யாரும் செய்திருக்கலாம். ஆயினும் விருதுக் குறிப்பு அழுத்திச் சொல்வது, அவர் முன்மாதிரியால் கம்பெனி நிலைகுலையாமல் நின்றதை. பதவி பதக்கத்திலிருந்து நீங்கியது. குறிப்பின் மொழியில் தங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

நாற்பது ஆண்டு கழித்தும் அந்த மொழி மாறவில்லை. பம்பாயில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 8-ஆம் மஹார் பட்டாலியனில் இருந்தவர். இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையின் பகுதியாக, 1987 நவம்பர் 25 அன்று தேடுதல் வேட்டை முடித்துத் திரும்பும்போது அவரது அணி பதுங்கித் தாக்கப்பட்டது. எதிரிகளைப் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். மார்பில் சுடப்பட்ட பின்னும் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார், சாகும்வரை கட்டளையிட்டார் என்கிறது அவரது பரம் வீர் சக்கர விருதுக் குறிப்பு. அது அவர் அணியைப் பற்றிய ஆவணம். அதே மாதங்களில் அமைதிப்படையின் நடவடிக்கைகளால் யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் பட்டதை எழுத வேறு ஆவணங்கள் வேண்டும்.